பாக் நீரிணை நீச்சலும் மாணவ வீரர்களின் மருத்துவத் தகுதிச் சான்றும்

தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையில் உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம் கொண்டது. நிலவரைபடத்தில் பாக் நீரிணை என்பது இதற்கு வடக்கே, கொடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் நடுவில் உள்ள பகுதி. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. தெற்கே மணல்திட்டுகள் நிறைந்த பகுதியைச் சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்வர். நீச்சல் வீரர்கள் இரண்டையும் சேர்த்துப் பாக் நீரிணை என்றே அழைக்கின்றனர். இக்கட்டுரையும் அவ்வழக்கையே பின்பற்றுகிறது.

இந்தக் கடலை நீந்திக் கடக்க விரும்புபவர் இரு நாட்டு அரசுகளிடமும் அனுமதி பெற வேண்டும். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வரையப்பட்ட கடல் எல்லையைத் தாண்டுவதால் கடற்படை, கடலோரக் காவல் படை, சுங்கத்துறை ஆகியவற்றின் இசைவும் தேவைப்படுகிறது. இவையெல்லாம் எல்லையைப் பற்றிய கேள்விகள். வீரரின் உடலைப் பற்றிய கேள்வி வேறு. இந்த உடல் இந்தக் கடலைத் தாங்குமா? அதற்கு விடை சொல்ல வேண்டியது மருத்துவரின் தகுதிச் சான்று. கல்லூரி அணியில் இடம்பெறும் ஒவ்வொரு மாணவரிடமும் எதிர்பார்க்கப்படும் அதே சான்றுதான் இது. ஆனால் மைதானத்தில் மயங்கி விழுபவரைச் சில நிமிடங்களில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம். நடுக்கடலில் அந்த வசதி இல்லை. ஆகவே அந்தச் சான்று எதற்காக, யாருக்காக எழுதப்படுகிறது என்பது இந்தக் கரையில் மற்ற இடங்களை விடத் தெளிவாகத் தெரிகிறது.

முத்துக்குளிப்பும் மண்டபம் முகாமும்

இராமநாதபுரம் கரையில் கடலுக்கு அனுப்பும் முன் உடலைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் முதலில் முத்து வணிகர்களே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, மீன்கள் குளியாட்களைத் தாக்காதபடி மந்திரம் செய்தவர்களுக்குக் கிடைத்த முத்துகளில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதியுள்ளார். அரசருக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரம் சொன்னவருக்கு அரசரின் பங்கில் பாதி கிடைத்தது என்றால், குளியாட்களின் அச்சத்துக்கு வணிகர்கள் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம். பிற்காலத்தில் இவர்கள் கடல் கட்டி என்று அழைக்கப்பட்டனர். சுறாவின் வாயைக் கட்டுபவர் என்பது பொருள். ஆங்கில அரசும் முத்துக்குளிப்புக் காலத்தில் இவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அதிகாரிகள் மந்திரத்தை நம்பியதால் அன்று. கடல் கட்டி இல்லாமல் குளியாட்கள் படகில் ஏற மாட்டார்கள் என்பதே காரணம்.

கீழக்கரை, தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து வந்த குளியாட்கள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு 30 முதல் 60 அடி ஆழத்துக்கு இறங்கினர். மூச்சடக்கியிருந்தது ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம். ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை இப்படி இறங்குவது வழக்கம். மேலே வரும்போது சிலருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் கசிந்தது என்று ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் குறிப்பிடுகிறார். இன்றைய மருத்துவர் ஒருவர் இதைப் படித்தால் காதின் செவிப்பறையும் முகத்தின் உள்ளறைகளும் நீரழுத்தத்தால் காயப்பட்டிருக்கின்றன என்பார். அன்று அது தொழிலின் ஒரு பகுதி. சுறாவுக்கு எதிராக ஒரு காப்பு இருந்தது. குளியாளின் சொந்தக் காதுக்கும் நுரையீரலுக்கும் எதுவும் இல்லை. இந்தியப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் தூத்துக்குடிப் பகுதியில் நடந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் இன்றும் மூச்சடக்கித்தான் மூழ்குகிறார்கள். அவர்களிடம் எந்தத் தகுதிச் சான்றையும் யாரும் கேட்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மருத்துவர் நேரடியாக உடலைச் சோதித்து, ‘போகலாம்’ அல்லது ‘நில்’ என்று சொல்லும் முறை இந்தக் கரைக்கு வந்தது மண்டபத்தின் வழியாக. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துச் சோதிக்க மண்டபத்தில் பெரிய முகாம் அமைந்தது. அதை நடத்தியது இலங்கை அரசு. காலரா, அம்மை போன்ற நோய்கள் தீவுக்குள் போய்விடக் கூடாது என்பது முதல் நோக்கம். தொழிலாளர்கள் சில நாட்கள் அங்கே தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டு அனுப்பப்பட்டனர். இதனால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால் சோதனையின் விளைவு யாருக்குச் சொல்லப்பட்டது? தோட்ட முதலாளிக்கும் சுகாதார அதிகாரிக்கும். ‘தகுதியற்றவர்’ என்று நிறுத்தப்பட்டவர் ஊருக்குத் திரும்பி என்ன செய்தார் என்பது அந்தச் சோதனையின் கவலை அன்று.

நீந்தியவர்கள்

விளையாட்டாக இந்தக் கடலை நீந்தும் வரலாறு 1954 மார்ச்சில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தின் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து கொடியக்கரைக்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் நீந்தினார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் அதே கடலைப் போக வர இரு வழியும் 51 மணி நேரத்தில் கடந்தார்.

தனுஷ்கோடிக் கரைக்கு முதலில் வந்தவர் மிஹிர் சென். சட்டம் படிக்க இங்கிலாந்து சென்று, 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் அவர். 1966 ஏப்ரல் 5ஆம் தேதி தலைமன்னாரில் இறங்கி மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். 25 மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன. அவர் கரையேறிய ஊர் 1964 டிசம்பர் புயலில் அழிந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன. உடல்நலம் கெட்டிருந்தால் கொண்டுசெல்லத் தனுஷ்கோடியில் ஒரு மருத்துவமனையும் மிஞ்சியிருக்கவில்லை. கப்பலில் இருந்த வசதிதான் அவருக்கு மருத்துவமனை.

1994இல் குற்றாலீசுவரன் 12 வயதில் இக்கடலை 16 மணி நேரத்தில் கடந்தபோது, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அவர் பெயர் தெரியாத மாணவர் இல்லை. அதே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, 1966இல் ஐந்தைக் கடந்த மிஹிர் சென்னின் சாதனையை மிஞ்சினார். 2004இல் வங்காளத்தின் பூலா சௌத்ரி ஏறத்தாழ 14 மணி நேரத்தில் கடந்தார். 2019 மார்ச்சில் தேனியைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன் பத்தரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த 13 வயது ஜியா ராய் 13 மணி 10 நிமிடத்தில் அரிச்சல்முனையை அடைந்தார். ஆட்டிசம் உள்ளவர் அவர்.

வயது குறைந்துகொண்டே வருவதைக் கவனிக்க வேண்டும். 1988இல் 11 வயதுச் சிறுவன் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தான். இன்று அங்கே நீச்சலைக் கண்காணிக்கும் சங்கங்கள் 16 வயது நிறைந்தவர்களையே தனியாக நீந்த அனுமதிக்கின்றன. மருத்துவச் சான்றும், குளிர்ந்த நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்டியதற்கான சான்றும் கேட்கின்றன. பாக் நீரிணையில் சாதனைச் செய்தியின் தலைப்பே வயதாக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை ‘எனக்கு முடியவில்லை’ என்று எப்போது சொல்லும், சொன்னால் படகில் இருப்பவர்கள் கேட்பார்களா என்பதை எந்தச் சான்றிதழும் எழுதிக் காட்டாது.

கல்லூரியில் பிறந்த பழக்கம்

விளையாட்டுக்கு முன் மாணவரைச் சோதிக்கும் வழக்கம் கல்லூரிகளில்தான் உருவானது. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1861இல் பொறுப்பேற்ற மருத்துவர் எட்வர்ட் ஹிட்ச்காக், மாணவர்களின் உயரம், எடை, மார்பளவு முதலியவற்றை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்தார். 1879 முதல் ஹார்வர்டில் டட்லி சார்ஜென்ட் இதை இன்னும் விரிவாகச் செய்தார். இங்கிலாந்தில் வேறொரு விவாதம் நடந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி மாணவர்களின் இதயத்தைக் கெடுக்கிறது என்று பலர் குற்றம் சாட்டினர். ஜான் மார்கன் என்ற மருத்துவர் 1829 முதல் 1869 வரை துடுப்புப் போட்ட 294 பேரைப் பற்றித் தகவல் திரட்டி 1873இல் நூலாக வெளியிட்டார். அவர்கள் மற்றவர்களை விடக் குறைந்த ஆயுள் பெறவில்லை, கூடுதலாகவே வாழ்ந்தனர் என்பது அவர் கண்டது. பொதுவாக உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் மறைந்த குறையுள்ள ஒரு சில இதயங்களுக்கு அதுவே ஆபத்து. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவர்கள் இந்த ஒரு சிலரை எப்படிக் கண்டுபிடிப்பது என்றே முயன்று வருகின்றனர்.

இத்தாலி இதற்குச் சட்டத்தின் வழியை எடுத்தது. 1971இல் சட்டம் இயற்றி, 1982 முதல் போட்டி விளையாட்டில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் இசிஜி எடுப்பதைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் 1979-80இல் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 3.6 ஆக இருந்தது 2003-04இல் 0.4 ஆகக் குறைந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இஸ்ரேலும் 1997இல் இதேபோல் சட்டம் செய்தது. ஆனால் அங்கே மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 2011இல் மற்றோர் ஆய்வு சொன்னது. அமெரிக்க இதயச் சங்கம் எல்லோருக்கும் இசிஜி என்பதை ஏற்கவில்லை. அதற்குப் பதில் 14 கேள்விகளும் சோதனைகளும் கொண்ட வரிசையைப் பரிந்துரைக்கிறது. ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா, மார்பில் வலி வந்ததுண்டா, குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது இதயக் கோளாறால் இறந்தார்களா என்பவை அவற்றுள் முக்கியமானவை.

இந்தியாவில் இத்தாலியைப் போன்ற சட்டம் இல்லை. மாணவர் கொண்டுவரும் சான்று பெரும்பாலும் ஒரு பக்கத் தாள். ‘மேற்படி மாணவரைப் பரிசோதித்தேன், விளையாடத் தகுதியுடையவர்’ என்பது வாசகம். பதிவு பெற்ற மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும் என்ற நிலையில், எத்தனை இடங்களில் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைக்கப்படுகிறது என்பது கேட்கத்தக்க கேள்வி. போட்டிக்கு முதல் நாள் மாலை அணி முழுவதற்கும் ஒரே மேசையில் எழுதப்படும் சான்று மருத்துவச் சான்று ஆகாது. அது மண்டபம் முகாமின் முத்திரையை விடக் குறைவானது. மண்டபத்தில் உண்மையிலேயே சோதித்தார்கள்.

மாணவர் மறைப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், மருத்துவச் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. மீனவக் குப்பத்திலிருந்தோ முதுகுளத்தூர், கமுதி போன்ற மானாவாரி ஊர்களிலிருந்தோ வரும் மாணவருக்கு மாநில அளவிலான ஒரு பதக்கம் குடும்பத்தின் நிலையையே மாற்றக்கூடும். அப்படிப்பட்டவரிடம் ‘மயக்கம் வந்ததுண்டா’ என்று கேட்டால், வந்திருந்தாலும் இல்லை என்றே சொல்வார். உண்மையைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தக் கேள்வித்தாளும் பயன் தராது.

இதயமும் கடல்நீரும்

நீச்சலுக்கென்று சில தனி ஆபத்துகள் உண்டு. இதயத்தின் மின்னோட்டம் தன் பழைய நிலைக்குத் திரும்ப நீண்ட நேரம் எடுக்கும் ‘நீள் க்யூடி’ என்ற பிறவிக் கோளாறின் ஒரு வகை, நீச்சலின்போதே பெரிதும் வெளிப்படுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர் நீரில் திடீரென்று அசைவற்றுப் போனால் அதை மூழ்கிய விபத்து என்று மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. பிழைத்தவருக்கு இசிஜி எடுக்க வேண்டும், இறந்தவர் என்றால் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கு எடுக்க வேண்டும். இக்கோளாற்றின் அரிய வகையொன்று பிறவியிலேயே காது கேளாமையுடன் சேர்ந்து வரும். காது கேளாத மாணவரை நீச்சல் அணியில் சேர்க்கும்போது மருத்துவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். வலிப்பு நோய், ஆஸ்துமா, செவிப்பறையில் துளை ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும்.

தெற்காசியர்களுக்கென்று ஒரு செய்தி 2009இல் வெளியானது. மதுரை ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆராய்ச்சியில், இதயத் தசையின் ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட நிலை இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பது தெரியவந்தது. இதை உடையவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்புக் கூடுதல். பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகே அது தலைகாட்டும். 4 விழுக்காட்டினரையும் விளையாடாதே என்று நிறுத்துவது மடமை. ஆனால் ஐரோப்பாவில் எழுதப்பட்ட கேள்வித்தாளை அப்படியே இங்கே பயன்படுத்துவது போதாது என்பதற்கு இது நல்ல சான்று.

கடலின் வெப்பநிலை மற்றொரு சிக்கல். ஆங்கிலக் கால்வாயில் கோடையில் நீர் 15 முதல் 18 பாகை செல்சியஸ். குளிரே அங்கு எதிரி. பாக் நீரிணையை இருமுறை கடந்த குமார் ஆனந்தன் 1984 ஆகஸ்டில் அந்தக் கால்வாயைக் கடக்க முயன்றபோது இறந்தார். வெதுவெதுப்பான நீரில் 51 மணி நேரம் தாங்கிய உடல் வேறொரு நீருக்கும் தகுதியுடையது என்று முன்கூட்டியே கொள்ள முடியாது. மறுபக்கம், வெப்பமும் கொல்லும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் நீரிலேயே இறந்தார். இன்றைய உலக நீர்விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி நீர் 16 பாகைக்குக் குறையவோ 31 பாகைக்கு மேற்படவோ கூடாது. மன்னார் வளைகுடாவில் ஏப்ரல், மே மாதங்களில் நீர் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். 2010இலும் 2016இலும் அதன் பவளப்பாறைகள் வெளுத்ததும் இந்த வெப்பத்தால்தான். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில் கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையே நீச்சலுக்கு ஏற்றது. அதிலும் நள்ளிரவிலோ அதிகாலையிலோ தலைமன்னாரில் இறங்குவது வெயிலுக்கு அஞ்சியே. சொறி எனப்படும் ஜெல்லி மீன்களின் கொட்டும், பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே திசை மாறும் நீரோட்டமும் வேறு. கரை கண்ணுக்குத் தெரிந்தும் இரண்டு மணி நேரம் அதே இடத்தில் நின்று நீந்த நேரும். சென்னை நீச்சல் குளத்தில் எழுதிய தகுதிச் சான்று இதையெல்லாம் அளந்திருக்காது.

தகுதியும் தடையும்

மருத்துவச் சோதனை குறையுள்ளவர்களை வெளியேற்றும் கருவியாக மாறும் அபாயமும் உண்டு. ‘எதற்கு வம்பு’ என்று கையெழுத்திட மறுப்பது மருத்துவருக்கு எளிது. ஜியா ராய் விஷயத்தில் அப்படி யாராவது மறுத்திருந்தால் அது சட்டப்படி பாதுகாப்பான முடிவாக இருந்திருக்கும். நியாயமான முடிவாக இருந்திருக்காது. ஆட்டிசம் இதயத்தையோ நுரையீரலையோ பற்றியதன்று. தேவைப்பட்டது அவருடைய குறிப்புகளைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் படகில் இருப்பது.

அமெரிக்கக் கல்லூரிகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 2006இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் 19 வயதுக் கால்பந்து வீரர் பயிற்சிக்குப் பின் இறந்தார். அவர் அரிவாள் செல் மரபுக்கூறு உடையவர் என்று தெரிந்தது. 2010 முதல் முதல்நிலைக் கல்லூரி வீரர்களுக்கு அச்சோதனை கட்டாயமாயிற்று. சோதனையில் கண்டறியப்பட்டவர்கள் நீக்கப்படவில்லை. பயிற்சியின் வேகம் குறைக்கப்பட்டது, தண்ணீரும் ஓய்வும் உறுதி செய்யப்பட்டன. அரிவாள் செல் கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் உண்டென்று 1952லேயே அறியப்பட்டது. மலையிலிருந்து கல்லூரி அணிக்கு வரும் மாணவரை இங்கே யாராவது சோதிக்கிறார்களா என்பது தனியாக எழுத வேண்டிய பொருள்.

2024 ஏப்ரலில் பெங்களூரிலிருந்து வந்த 31 பேர் கொண்ட குழு தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குத் தொடர் நீச்சலில் இறங்கியது. அவர்களில் 78 வயதான ஒருவர் தம் முறையில் நீந்தியபோது உடல்நலம் குன்றி இறந்தார். மாரடைப்பு என்று செய்திகள் கூறின. அனுபவம் மிக்க நீச்சல்காரர் அவர். முதியவருக்கும் மாணவருக்கும் நோய் வேறு. இருபது வயதில் பிறவிக் கோளாறு, எழுபது வயதில் இரத்தக்குழாய் அடைப்பு. ஆனால் இருவருக்கும் நடுக்கடலில் தேவைப்படுவது ஒன்றே. இதயம் நின்ற சில நிமிடங்களுக்குள் மார்பை அழுத்தத் தெரிந்த ஒருவரும், ஏஇடி எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவியும் துணைப்படகில் இருக்க வேண்டும். ஈரமான உடலைத் துடைத்து, படகின் உலர்ந்த பலகையில் கிடத்தியே அக்கருவியைப் பயன்படுத்த முடியும். மீன்பிடிப் படகின் தளத்தில் வலைக்கும் பனிப்பெட்டிக்கும் நடுவே அதற்கென ஆறடி இடம் ஒதுக்கிவைப்பது புறப்படும் முன்பே செய்ய வேண்டிய வேலை.

இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவரை இசிஜியை மீறிய இதயச் சோதனை எதுவும் தேவையென்றால் மாணவர்கள் பெரும்பாலும் மதுரைக்குத்தான் பேருந்து ஏற வேண்டியிருந்தது. இப்போது மாவட்டக் கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே, அதாவது அணித் தேர்வுக்கு முன்பே, தம் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்ல முடியும். தேர்வுக்கு முன் கண்டறியப்படும் குறையைச் சொல்ல மாணவருக்கு அவ்வளவு அச்சம் இராது. பறிபோக அவர் கையில் இன்னும் பதக்கம் ஏதும் இல்லை. சோதனையின் விளைவைப் பயிற்சியாளருக்கு முன் மாணவரிடமும் பெற்றோரிடமும் தமிழில் விளக்கிச் சொல்லி, எழுத்தில் ஒரு படியை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். மண்டபம் முகாமில் தொழிலாளர் சோதனையின் விளைவு முதலாளிக்கும் அதிகாரிக்குமே போய்ச் சேர்ந்தது.